தனி ஆட்டமும் கூட்டு ஆட்டமும்



விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருபவை கபடி, கோ-கோ, கைப்பந்து போன்ற மைதான விளையாட்டுகளே. மழை பெய்தால் கேரம் பலகையும் தாயக்கட்டையும் வெளியே வரும். இந்த இரண்டு வகையிலும் முழுமையாகச் சேராத ஒரு விளையாட்டு உண்டு. அதற்கு மைதானம் வேண்டாம், ஓடவும் வேண்டாம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றியோ பாயிலோ உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திச் செல்வார்கள். ஆங்கிலேயர் இதை 'ரோல் பிளேயிங் கேம்' என்பர். நான் இக்கட்டுரையில் 'கதையாட்டம்' என்றே குறிப்பிடுகிறேன்.

கதையாட்டத்தில் ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக்கதை உண்டு. எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொதுக்கதையும் உண்டு. தனிக்கதை மிகுந்தால் மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். பொதுக்கதை மட்டுமே நடந்தால் குரல் பெரிதாக உள்ளவர்களே ஆடுவார்கள். மெல்லப் பேசுபவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். இந்த இரண்டையும் எவ்வாறு சமன் செய்வது என்பதை விளக்குவதே என் நோக்கம்.

கதையாட்டம் என்பது யாது?

ஆடுபவர்களில் ஒருவர் கதை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். ஒருத்தி வைத்தியச்சி, ஒருத்தி வில்லாளி, ஒருத்தி ஒற்றர் படையைச் சேர்ந்தவள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாத்திரத்தின் பலமும் பலவீனமும் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். "கோட்டைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே யாரோ அழும் குரல் கேட்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். ஆடுபவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். மதிலேறும் முயற்சி பலிக்குமா, பலிக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை முடிவு சொல்லும். தாயத்தில் உள்ளதுபோல் இங்கு வெற்றி தோல்வி இல்லை. ஒரே நாளில் முடிவதும் இல்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதைபோல வாரந்தோறும் வளரும்.

இதற்கு 20 முகமுள்ள பகடையும் தேவைப்படும். அது நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவிலேயே பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, விளையாட்டை விற்ற நிறுவனமே பெட்டிக்குள் பகடைக்குப் பதில் எண் எழுதிய சிறு அட்டைகளை வைத்து விற்றது. 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டின்னில் போட்டுக் குலுக்கி எடுத்தால் போதும், ஆட்டம் நடக்கும்.

பிறந்த வரலாறு

இவ்விளையாட்டு பிறந்த வரலாற்றிலேயே நம் சிக்கல் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் நண்பர்களுடன் பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடி வந்தார். 1969-ஆம் ஆண்டு அவர் ஒரு புதுமை செய்தார். 'பிரான்ஸ்டைன்' என்ற கற்பனை ஊரை அமைத்தார். இரு பக்கத் தளபதிகளைத் தவிர, வந்திருந்த மற்ற நண்பர்களுக்கும் நகரத் தலைவர், வங்கி அதிகாரி, பல்கலைக்கழகத் தலைவர் என்று தனித்தனி வேடமும் தனித்தனி நோக்கமும் கொடுத்தார்.

ஒவ்வொருவரையும் தனியறைக்கு அழைத்துப் பேசி ஆட்டத்தை நடத்துவது அவர் திட்டம். ஆனால் அவர் ஒருவரோடு உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே காத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்களுக்குள்ளேயே பேரம் பேசவும், சதி செய்யவும், சண்டை போடவும் தொடங்கிவிட்டார்கள். ஆட்டம் கை மீறிப் போயிற்று. தம் முயற்சி தோற்றது என்றே வெஸ்லி எண்ணினார். ஆடியவர்களோ "மறுபடி எப்போது?" என்று கேட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருவரைத் தனியே அழைத்தபோது மற்றவர்கள் காத்திருக்க நேர்ந்தது. காத்திருந்தவர்களுக்கு வேடமும் நோக்கமும் கையில் இருந்ததால் அவர்கள் தாமாகவே ஆடத் தொடங்கினார்கள். சிக்கலும் அதன் தீர்வும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பிறந்தன என்றே சொல்லலாம்.

அந்த ஆட்டங்களில் கலந்துகொண்ட டேவ் ஆர்னசன் 1971-இல் 'பிளாக்மூர்' என்ற தொடர் ஆட்டத்தைத் தொடங்கினார். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் அதைப் பார்த்து வியந்து, அவருடன் சேர்ந்து விதிகளை உருவாக்கினார். 1974-ஆம் ஆண்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்களாக அது வெளிவந்தது. 2024-இல் அதற்குப் பொன்விழா ஆண்டு. கைகாக்ஸ் தம் வீட்டில் ஆட்டத்தைச் சோதித்தபோது முதலில் ஆடியவர்கள் அவருடைய மகன் எர்னியும் மகள் எலிஸும் ஆவர். முதன்முதல் ஆடியவர்களில் ஒரு சிறுமியும் உண்டு என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி!

கூட்டமாகவே ஆட வேண்டும் என்று கைகாக்ஸ் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ராப் குன்ட்ஸ் என்ற இளைஞர் 'ரோபிலார்' என்ற தம் பாத்திரத்துடன் பலமுறை தனியாகவே ஆடினார். தனியாக ஆட விரும்புவோர் உலகில் நிறைய உண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று. 1982-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் இருவரும் எழுதிய ஒரு புத்தகம் 400 பகுதிகளைக் கொண்டது. 'கதவைத் திறந்தால் இந்த எண்ணுக்குப் போ, திறக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் போ' என்ற முறையில் வாசகர் ஒருவரே தனியாக ஆடலாம். அது பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆகவே தனி ஆட்ட ஆசை குற்றமன்று. பலர் கூடியிருக்கும் இடத்தில் அதற்கு எவ்வளவு இடம், எப்படிப்பட்ட இடம் என்பதுதான் கேள்வி.

ஒரு சிறு கணக்கு

கணக்கில் இதைப் போட்டுப் பார்ப்போம். ஆடுபவர் ஐவர், ஆட்ட நேரம் 2 மணி. ஒற்றராக ஆடுபவள் "நான் மட்டும் கோட்டைக்குள் போகிறேன்" என்கிறாள். கதை நடத்துபவர் அவளுடன் 30 நிமிடம் பேசுகிறார். மீதி நால்வரும் ஆளுக்கு 30 நிமிடம் சும்மா இருக்கிறார்கள். 4 x 30 = 120 நிமிடம். அதாவது ஒருத்தியின் அரை மணி மகிழ்ச்சிக்கு, ஒரு முழு ஆட்டத்தின் அளவு நேரம் மற்றவர்களிடமிருந்து போய்விட்டது.

எங்கள் தெருவில் நடந்ததும் இதுவே. சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் பெரியப்பா மகள் விடுமுறைக்கு வந்தபோது இவ்விளையாட்டைக் கொண்டுவந்தாள். அக்கா கதை நடத்த, நாங்கள் ஐவர் ஆடினோம். வைத்தியச்சியாக ஆடிய பெண் மிக மெல்லப் பேசுபவள். யாருக்காவது காயம் பட்டால்தான் அவளை அழைப்பார்கள். மூன்றாம் வாரம் அவள், "அம்மாவுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டு வரவில்லை. நான்காம் வாரமும் வரவில்லை. அவளுக்கு வீட்டில் வேலை இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா ஆட்டத்தை நிறுத்தி வைத்து, நடத்தும் முறையையே மாற்றினாள்.

ஒருத்தி வராமல் போனால் கபடியில் மாற்று ஆள் இறங்கலாம். கதையாட்டத்தில் அப்படி முடியாது. அவள் ஏற்ற பாத்திரம் அவளோடு போய்விடும். கதையில் அந்த இடம் ஓட்டையாகவே இருக்கும்.

கபடி கற்றுத்தரும் பாடம்

தமிழகத்தின் மாநில விளையாட்டான கபடியில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பாடிச் செல்பவர் தனியாகத்தான் எதிர்ப்பக்கம் போகிறார். ஆறு தோழர்களும் நின்று பார்க்கிறார்கள். ஆனாலும் யாருக்கும் சலிப்பு இல்லை. ஏன்?

முதலாவதாக, அவர் போய்வர 30 விநாடிதான் நேரம். இரண்டாவதாக, அவர் எதிரியைத் தொட்டுத் திரும்பினால், ஆட்டமிழந்து வெளியே உட்கார்ந்திருக்கும் தோழர் ஒருவர் மீண்டும் உள்ளே வருகிறார். தனியே போனவரின் வெற்றி இன்னொருவருக்கு இடம் வாங்கித் தருகிறது. மூன்றாவதாக, அவர் திரும்பியதும் எதிரணியின் முறை வரும். அப்போது காத்திருந்தவர்கள் எல்லோரும் கைகோத்து ஆட வேண்டும்.

கதையாட்டத்தில் தனிக்காட்சியும் இப்படியே அமைய வேண்டும் என்பது என் கருத்து. அது சுருக்கமாக இருக்க வேண்டும். திரும்பி வரும்போது கூட்டத்துக்கு ஏதேனும் கொண்டுவர வேண்டும். அதன்பின் மற்றவர்களின் முறை உடனே வர வேண்டும்.

கட்டியக்காரன் செய்யும் பணி

நம் கடலூர் மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம்; பல இரவுகள் தெருக்கூத்து; முடிவில் தீமிதி. இதுவும் பல நாள் தொடரும் வேடக் கதைதான். கூத்தில் பாத்திரங்கள் பலர். எல்லோரும் ஒரே சமயத்தில் களத்துக்கு வந்துவிடுவதில்லை. முக்கிய வேடக்காரர் திரைக்குப் பின்னிருந்து பாடி, பிறகு வெளிப்படுவார். "தாங்கள் யார்? எந்த நாடு?" என்று கட்டியக்காரன் கேட்பான். அவரும் தம் பெருமையைச் சொல்லுவார். அந்த நேரம் முழுவதும் அவருடையது. ஆனால் அவர் பாடும்போது பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுவார்கள். தாளக்காரர் தாளம் போடுவார். தனி வேடம் களத்தில் நிற்கும்போதும் குழு முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

கதை நடத்துபவர் இந்தக் கட்டியக்காரனிடமிருந்து இரண்டைக் கற்கலாம். ஒன்று, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பது. "என்ன செய்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் எப்போதும் பதில் சொல்பவளே பதில் சொல்வாள். "வைத்தியச்சி அம்மா, அந்த அழுகுரலைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டால் அவளுக்கு ஒரு வாசல் திறக்கிறது. மற்றொன்று, ஒருவர் ஆடும்போது மற்றவர்களுக்கும் வேலை வைத்திருப்பது.

கடைப்பிடிக்கத்தக்க வழிகள்

எங்கள் ஆட்டத்தில் பயன்பட்ட வழிகளைக் கீழே தருகிறேன்.

1. தொடக்கத்திலேயே முடிச்சுப் போடுதல்: பாத்திரத்தை உருவாக்கும்போது ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுத வேண்டும். முதல் வரி, என் பாத்திரத்தின் சொந்த ஆசை. இரண்டாம் வரி, இங்குள்ள இன்னொரு பாத்திரத்தோடு எனக்குள்ள உறவு அல்லது கடன். 'காணாமல் போன என் அண்ணனைத் தேடுகிறேன். வில்லாளியின் உயிரை ஒருமுறை காப்பாற்றினேன்' என்பது எங்கள் வைத்தியச்சி புதிதாக எழுதியது. இப்போது அவளுடைய அண்ணனைத் தேடும் கதை வில்லாளிக்கும் சொந்தக் கதை ஆகிவிட்டது.

2. 'தொடரும்' போடுதல்: ஒற்றர் தனியே போனால் 5 நிமிடம் நடத்தி, காவலாளி திரும்பிப் பார்க்கும் கட்டத்தில் நிறுத்திவிட வேண்டும். வெளியே நிற்பவர்களிடம் வந்து 5 நிமிடம் நடத்த வேண்டும். இப்படி மாறி மாறிப் போனால் ஒற்றருக்கு மொத்தத்தில் அதே 30 நிமிடம் கிடைக்கும். ஆனால் யாரும் 5 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து காத்திருக்க மாட்டார்கள். காத்திருக்கும் நேரமும் "காவலாளி பார்த்துவிட்டானா?" என்ற ஆவலோடு கழியும்.

3. காத்திருப்பவர்களுக்கு வேடம் கொடுத்தல்: ஒற்றர் உள்ளே சந்திக்கும் காவலாளியாகவும் சமையற்காரியாகவும் மற்றவர்களே பேசலாம். வெஸ்லியின் நண்பர்கள் தாமாகச் செய்ததை நாம் திட்டமிட்டுச் செய்கிறோம். சமையற்காரியாகப் பேசிய எங்கள் வில்லாளி எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தாள்.

4. பேச்சாளரை மாற்றுதல்: 1981-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடக்கநிலைப் புத்தகம், குழுவின் முடிவைக் கதை நடத்துபவரிடம் சொல்ல ஒருவரும், வழிப்படம் வரைய ஒருவரும் இருக்கலாம் என்கிறது. இதனால் கூச்சல் குறையும். ஆனால் ஒருவரே எப்போதும் பேச்சாளராக இருந்தால் அவர் தலைவராகிவிடுவார். ஆகவே வாரம் ஒருவராக மாற்றிக்கொள்ள வேண்டும். நம் வகுப்பில் கரும்பலகை துடைப்பதற்கு முறை வைத்திருக்கிறோம் அல்லவா, அதுபோல.

5. நோட்டுப் புத்தகம்: சிலருக்குப் பலர் முன்னிலையில் பேச வராது, எழுத வரும். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் இடையில், தன் பாத்திரம் தனியே செய்ததை ஒரு பக்கம் எழுதித் தரலாம். கதை நடத்துபவர் அதற்குப் பதில் எழுதுவார். தனி ஆட்டம் தாளில் நடக்கிறது. கூட்டத்தின் நேரம் வீணாவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செய்தியாவது அடுத்த ஆட்டத்தில் எல்லோருக்கும் பயன்பட வேண்டும்.

6. இரகசியத்துக்குக் கெடு வைத்தல்: ஒருவருக்கு மட்டும் தெரிந்த இரகசியம் ஆட்டத்துக்குச் சுவை. ஆனால் வாரக்கணக்கில் சீட்டு எழுதி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்குச் சந்தேகமும் மனக்கசப்பும் வரும். இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் இரகசியம் வெளிப்பட வேண்டும் என்பது எங்கள் விதி.

7. திறமைகளைப் பிரித்து வைத்தல்: 1974-இல் வந்த முதல் புத்தகங்களிலேயே போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என்று மூன்று வகைப் பாத்திரங்கள் இருந்தன. ஒருவருக்கு முடிந்தது மற்றவருக்கு முடியாது. ஒருவரே எல்லாம் வல்லவராக இருந்தால் கூட்டம் எதற்கு? ஆகவே ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு பாத்திரத்தின் திறமைக்கும் ஒரு பூட்டாவது இருக்கிறதா என்று கதை நடத்துபவர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சமம் என்பது என்ன?

"எல்லோருக்கும் கடிகாரம் வைத்துச் சம நிமிடம் கொடுத்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதே என் எண்ணம். சிலர் கேட்டுக்கொண்டிருப்பதையே விரும்புவார்கள். தக்க நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் பேசினாலும் அவர்களுக்கு மனம் நிறைந்துவிடும். அவர்களை வற்புறுத்திப் பேச வைப்பதும் தண்டனைதான். ஆனால் பேச விருப்பமில்லாமல் பேசாதிருப்பது வேறு. வாய்ப்பில்லாமல் பேசாதிருப்பது வேறு. இரண்டும் வெளியில் ஒன்றுபோலவே தெரியும். கேட்டால்தான் வித்தியாசம் புரியும். ஆட்டம் முடிந்ததும் "இன்று உன் பாத்திரம் செய்ய நினைத்துச் செய்ய முடியாமல் போனது எது?" என்று ஒவ்வொருவரையும் கேட்பதை அக்கா வழக்கமாக்கினாள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களே அடுத்த வாரத்துக் கதை.

அதிகம் பேசுபவர்களைக் குறைகூறுவதும் சரியன்று. அவர்கள் ஆர்வத்தால்தான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. எங்கள் ஒற்றரிடம் அக்கா, "இனி நீ செய்யும் ஒவ்வொரு திட்டத்திலும் இன்னொருத்தியின் உதவியைக் கேட்க வேண்டும்" என்றாள். அவள் பேச்சுக் குறையவில்லை. ஆனால் அவள் பேச்சே மற்றவர்களை உள்ளே அழைத்து வந்தது.

நம் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். சூளையில் பொருள் அடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். மெருகு பூசிய சாமான்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் சூட்டில் மெருகு உருகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் இரண்டும் பாழ். ஆகவே நடுவில் சிறு இடைவெளி விடுவார்கள். அதற்காக ஒவ்வொரு கோப்பைக்கும் தனிச்சூளை மூட்டுவதில்லை. எல்லாம் ஒரே நெருப்பில்தான் வேகின்றன. கதையாட்டத்தில் ஒவ்வொருவருக்கும் வேண்டியது அந்தச் சிறு இடைவெளிதான்.

முடிவுரை

வைத்தியச்சி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அக்கா நோட்டுப் புத்தகத்தை அவள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினாள். அது திரும்பி வந்தபோது மூன்று பக்கம் நிரம்பியிருந்தது. ஐந்தாம் வாரம் அவளும் வந்தாள். கோட்டைக்குள் அழுதவர் யார் என்பதை எங்களுக்குச் சொன்னவள் அவள்தான். அது அவளுடைய அண்ணன்.

'தனி மரம் தோப்பாகாது' என்பார்கள். உண்மைதான். ஆனால் தோப்பில் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் வேர் விட இடம் வேண்டுமே! பொதுத் தேர்வு முடிந்தால் நம்மில் சிலர் வேறு பள்ளிக்கும், சிலர் பாலிடெக்னிக்குக்கும், சிலர் வெளியூருக்கும் போகப் போகிறோம். அதற்கு முன் வரும் விடுமுறையில் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு டின்னும் 20 சீட்டும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு இவ்விளையாட்டை ஆடிப் பாருங்கள். ஆடும்போது உங்களில் மிக மெல்லப் பேசுபவள் யார் என்று பாருங்கள். முதல் கேள்வியை அவளிடம் கேளுங்கள்.

- பத்தாம் வகுப்பு மாணவி